எய்தவனும் அம்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உக்ரைன் மீது படையெடுத்தது ரஷ்ய அரசு. அதற்காக ஓட்டக்காரரும் நீச்சல்காரரும் செஸ் ஆட்டக்காரரும் ஏன் தடை செய்யப்பட வேண்டும்? எய்தவன் இருக்க அம்பை நோவது என்ன நியாயம்?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: 2022 ஆகஸ்டில், என்னிடம் செஸ் கற்ற மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குப் போயிருந்தேன். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். செஸ் ஒலிம்பியாட் நம் வாசலுக்கே வந்திருக்கும்போது வீட்டில் இருக்க மனம் வரவில்லை. அந்த ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டியது. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, போட்டியை அங்கிருந்து எடுத்தது. ரஷ்ய, பெலாரஸ் அணிகளையும் விலக்கிவைத்தது.

பையன்கள் குகேஷின் மேசையைத் தேடி ஓடிவிட்டார்கள். நான் பெண்கள் பிரிவில் உக்ரைன் ஆடிய பக்கமாக நின்றேன். அன்னா முசிச்சுக், மரியா முசிச்சுக் சகோதரிகள் அடுத்தடுத்த மேசைகளில். அவர்கள் நாட்டில் குண்டு விழாத நாள் இல்லை. இங்கே அவர்கள் தலை நிமிராமல் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தங்கம் வென்றது அந்த அணிதான். எதிரே ரஷ்ய அணி வந்து உட்கார்ந்திருந்தால் என்று அன்று நினைத்துப் பார்த்தேன். மேசையில் இரண்டு கொடிகள் அருகருகே நிற்கும். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்க வேண்டும். எந்த மனிதரிடமும் நாம் கேட்கக்கூடாத ஒன்றை அந்தப் பெண்களிடம் கேட்டிருப்போம்.

அதனால் அணியைத் தடுத்தது சரி என்கிறேன். கொடி அரசினுடையது, கீதம் அரசினுடையது, வென்று வந்தால் பதக்கத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வதும் அரசுதான். 2022 மார்ச் 18 அன்று மாஸ்கோ லுஷ்னிகி அரங்கில் போருக்கு ஆதரவாகப் புதின் கூட்டிய கூட்டத்தில் ஒலிம்பிக் பதக்கக்காரர்களை மேடையேற்றினார்கள். டோக்கியோவில் இரண்டு தங்கம் வென்ற நீச்சல் வீரர் ரைலோவ் அங்கே நின்றார். அவருக்கு ஒன்பது மாதத் தடை கிடைத்தது. எய்தவன் தன் பெயரைப் பொறித்து எய்த அம்பு அது.

தனி ஆள் விஷயம் வேறு. அங்கே செஸ் உலகம் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. செர்கெய் கர்யாகின், கிரைமியாவின் சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். 12 வயதில் உக்ரைன் ஆட்டக்காரராக கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2009இல் ரஷ்யாவுக்கு மாறினார். படையெடுப்பை அவர் வெளிப்படையாகப் புகழ்ந்தார். ஃபிடே ஆறு மாதம் தடை விதித்தது, உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான மாட்ரிட் கேண்டிடேட்ஸில் அவருக்கிருந்த இடம் போயிற்று. அதே ரஷ்யாவின் நெபோம்னியாஷி, போரை நிறுத்தச் சொல்லி 44 ரஷ்ய ஆட்டக்காரர்கள் புதினுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டவர். அவர் ஃபிடே கொடியின் கீழ் மாட்ரிட்டில் ஆடினார், வென்றார். ஒரே கடவுச்சீட்டு, இரண்டு மனிதர்கள், இரண்டு தீர்ப்புகள். ஒவ்வொருவரும் தான் செய்ததற்குப் பதில் சொன்னார்கள்.

கர்யாகின் இழந்த இடம் சீனாவின் டிங் லிரனுக்குப் போனது. அவர் 2023இல் அஸ்தானாவில் அதே நெபோம்னியாஷியைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவரிடமிருந்து பட்டத்தைப் பெற்றவர் நம் குகேஷ். பூஞ்சேரியில் அவர் மேசையைத் தேடி ஓடிய என் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது வாயைப் பிளந்து கேட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் 2022இல் விம்பிள்டன் எல்லா ரஷ்யர்களையும் தடுத்தது சரிதானா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தவறு. டென்னிஸில் அவரவர் தமக்காக ஆடுகிறார்கள். போர் தொடங்கிய மறுநாள், துபாயில் அரையிறுதியை வென்ற ரஷ்ய வீரர் ஆந்த்ரே ரூப்லெவ், கேமரா கண்ணாடியில் ‘போர் வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். உலகமே பார்த்தது. அவருக்கும் விம்பிள்டன் கதவு மூடியே இருந்தது. அந்த நாட்டில் அப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்த மன்றத்தார் யோசித்திருக்க வேண்டாமா? மறு வருடம் தடையை நீக்கினார்கள்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் கொடியும் கீதமும் இல்லாமல் ‘தனிநபர் நடுநிலை வீரர்கள்’ என்று அனுமதித்தார்களே, அது கண்துடைப்புதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன். ரஷ்யர் 15 பேர், பெலாரஸ்காரர் 17 பேர், மொத்தம் 32 பேர்தான் வந்தார்கள். அணிகளுக்கு இடமில்லை. போரை ஆதரித்தவருக்கும் ராணுவ, பாதுகாப்பு அமைப்புகளில் ஒப்பந்தம் உள்ளவருக்கும் இடமில்லை.

இந்த ராணுவ விதியில்தான் என் மனம் தடுமாறுகிறது. நம் நீரஜ் சோப்ராவும் ராணுவத்தில் சேர்ந்தவர்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ராணுவத்திலோ காவல்துறையிலோ வேலை கிடைத்தால் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஓடிய பிள்ளைகள் எத்தனை பேரை நான் மைதானத்தில் பார்த்திருக்கிறேன்! ரஷ்யாவிலும் அப்படிச் சேர்ந்த ஏழைப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனாலும் படையெடுத்து நிற்கும் ராணுவத்திடம் சம்பளம் வாங்குபவரை, அந்த ராணுவம் வீட்டை இடித்த பெண்ணுக்கு எதிரே நிறுத்த என்னால் முடியாது. விதி இருக்கட்டும் என்றே சொல்வேன், வருத்தத்தோடு.

வாய் திறக்காதவரை ஆதரவாளர் என்று கணக்கில் எழுதுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். 2022 மார்ச்சில் வந்த ரஷ்யச் சட்டப்படி, ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினார் என்று 15 வருடம் வரை சிறையில் போடலாம். அம்மாவும் அப்பாவும் அந்த ஊரில் இருக்கும்போது இருபது வயதுப் பெண்ணை மைக் முன்னால் நிறுத்திக் கண்டனம் கேட்பது கொடுமை.

உக்ரைன்காரர்கள் பட்டதையும் மறக்க வேண்டாம். 2023 ஜூலையில் மிலானில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், நடுநிலை வீராங்கனையாக வந்த ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை ஓல்கா கர்லான் 15-7 என்று வென்றார். கைகொடுக்கவில்லை. வாளை நீட்டி, வாளோடு வாள் தொட்டுக்கொள்ளலாம் என்றார். அதற்காக அவரைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு தலையிட்டு அவருக்குப் பாரிஸில் இடம் உறுதி செய்தது. பாரிஸில் தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வென்றார். எதிராளியை அனுமதித்தவர்கள், கைகுலுக்கும் கட்டாயத்தை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: 2003இல் அமெரிக்கா இராக்கில் நுழைந்தபோது ஒருவரும் தடை விதிக்கவில்லையே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: விதிக்கவில்லை. மறு வருடம் ஏதென்ஸில் அமெரிக்காவும் பிரிட்டனும் முழு அணியோடு கொடி பிடித்து நடந்தன. எனக்கு அன்றும் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. பலம் உள்ளவன் வாசலில் சட்டம் செருப்பைக் கழற்றுகிறது. அதற்காக உக்ரைன் பெண்களுக்குக் கிடைத்த நியாயத்தைப் பறிக்கச் சொல்லமாட்டேன். அதே அளவுகோலை எல்லோருக்கும் வையுங்கள் என்று கேட்போம். நம் அரசு போர் தொடுக்கும் நாள் வந்தால் நமக்கும் அதே அளவுகோல்தான்.

நாமே ஒருமுறை கொள்கைக்காக ஆட மறுத்திருக்கிறோம். 1974இல் டென்னிஸ் அணிகளுக்கான டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே பிரச்சினை போர் அல்ல, அந்த அரசின் நிறவெறி. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலேயே அவர்களுக்குப் போனது. நம் மெட்ராஸ் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் நல்ல ஆட்டத்தில் இருந்த வருடம் அது. இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை.

கேள்வி: உங்கள் மாணவனே அப்படித் தடுக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்?
- ஆசிரியை, மன்னார்குடி

பதில்: அவன் தப்பு எதுவும் செய்யவில்லை என்றால், அவனுக்காகக் கடிதம் எழுதுவேன், கொடியில்லாமல் ஆட அனுமதி கேட்பேன். தேசிய அணியில் இடம் கேட்கமாட்டேன். பதில் வரும்வரை தினமும் மாலை அவனை வரச்சொல்லி, திண்ணையில் பலகையை விரித்து, நானே எதிரே உட்கார்ந்து ஆடுவேன்.