மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடு ஜில்லென்று இருக்கிறது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஃபிரிட்ஜில் இருந்த சாம்பாரைச் சூடாக்கினால் ஓரம் தளதளவென்று கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. மெஷின் பழுதா?

பதில்: பழுது இல்லை. உள்ளே அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. அதற்காகத்தான் தட்டு சுற்றுகிறது. இன்னொன்று, மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வேகவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அலை சுமார் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாகப் போகும். அதற்கு உள்ளே இருப்பது பக்கத்துச் சூடு பரவித்தான் வேக வேண்டும்.

ஆழமான கிண்ணத்தை விட்டுவிட்டு அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். தட்டின் நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் பாத்திரம் நின்ற இடத்திலேயேதான் சுற்றும். லேசாக மூடி, பாதியில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த 2 நிமிடமும் சமையல் நேரம்தான். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: ராத்திரி வெளியே வைத்த சோற்றைக் காலையில் நன்றாகச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும்தானே, மேடம்?

பதில்: கிருமி சாகலாம், விஷம் போகாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வடித்த பிறகும் அவை பிழைத்திருக்கும். வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். ஆகவே அந்தச் சோற்றைக் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், இருந்தாலும் கொட்டுங்கள்.

இனிமேல் மீந்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் 1 மணி நேரம்தான். சூடாக்கும்போது தண்ணீர் தெளித்து, மூடி, நடுவிலும் ஆவி பறக்கும்வரை வையுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஒரே ஒருமுறை சூடாக்குங்கள்.

கேள்வி: உறைந்த சிக்கனை டீஃப்ராஸ்ட் செய்தால் ஓரம் வெந்துவிடுகிறது, உள்ளே ஐஸ் அப்படியே இருக்கிறது.

பதில்: ஐஸ் மைக்ரோவேவ் அலையை மிகக் குறைவாகத்தான் வாங்கும், தண்ணீர் நிறைய வாங்கும். ஓரம் கொஞ்சம் உருகியதும் சூடெல்லாம் அங்கேயே போய்ச் சேர்கிறது. அதனால் 30 சதவீத பவரில் வைத்து, அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். உருகிய துண்டுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தாமதிக்காமல் சமைத்துவிட வேண்டும். சில இடங்கள் ஏற்கெனவே வெதுவெதுப்பாகியிருக்கும், கிருமி பெருக அது போதும். பாதி வேகவைத்து மிச்சத்தை நாளைக்கு என்று வைப்பதும் வேண்டாம்.

மைக்ரோவேவிலேயே சமைப்பதானால் கனமான பகுதி வெளிப்பக்கம் வரும்படி வட்டமாக அடுக்குங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உணவுக்கான தெர்மாமீட்டரை இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள், எல்லா இடத்திலும் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

கேள்வி: வீடியோவில் 3 நிமிடம் என்கிறார்கள். எனக்குப் போதவே இல்லை. ஹாஸ்டலில் சின்ன மெஷின்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, வாட் கணக்கைப் பாருங்கள். அவர்களுடையது 1000 வாட், உங்களுடையது 700 என்றால் 4 நிமிடம் 20 வினாடி ஆகும். லேபிளில் இரண்டு எண் இருக்கலாம். அவுட்புட் என்று போட்டிருப்பதுதான் சமையலுக்கான கணக்கு.

கேள்வி: ஹோட்டல் பார்சல் டப்பாவோடு அப்படியே வைக்கலாமா?

பதில்: மைக்ரோவேவ் குறி இல்லாத பிளாஸ்டிக் வேண்டாம். ஃபாயில், எவர்சில்வர் இரண்டும் கூடாது. கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாற்றிவிடுங்கள். ஜரிகை போல உலோகக் கோடு போட்ட பீங்கான் மட்டும் ஆகாது.

கேள்வி: முட்டை?

பதில்: ஓட்டோடு வைக்கவே கூடாது. ஓடு உரித்த அவித்த முட்டையைச் சூடாக்கினாலும், வெளியே எடுத்த பிறகு கடிக்கும்போது வெடிக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம், வெந்நீரில் போட்டுச் சூடாக்குங்கள்.

கேள்வி: குழந்தைக்குப் பால் பாட்டிலை 20 வினாடி வைக்கலாமா, அக்கா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் நாக்கைச் சுடும் சூடு இருக்கும். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்துங்கள். குலுக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.