தளர்வான புரதங்களால்தான் பலசெல் உயிர்கள் வந்தனவா?

நிலையான வடிவமே இல்லாத புரதங்கள்தான் பலசெல் உயிர்களை உருவாக்கின என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. பெங்களூரில் ஒரு லேபில் புரதம் பிரித்தெடுப்பதுதான் என் பிழைப்பு, மத்திகெரேயில் டீ குடிக்கப் போனால் நாங்கள் நாலைந்து தமிழ்க்காரர்கள் போடும் சண்டையும் இதுதான்.

பூட்டுக்குச் சாவி போல, புரதத்தின் கெட்டியான வடிவத்தில் பொருந்துவதுதான் அதோடு சேரும் என்பது 1894-ல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன கதை, அதற்கு இந்தத் தளர்வான புரதங்கள் அடங்காது. கரைசலைக் கொதிக்க வைத்தால் மற்ற புரதங்களெல்லாம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுவிடும், குலைவதற்கு வடிவமே இல்லாத இவற்றில் பலவும் பாட்டுக்குக் கரைந்தே கிடக்கும் (ஆனால் புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ் கண்ணில் பட்டால் போச்சு, துண்டு துண்டாகிவிடும்).

புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 393 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. டிஎன்ஏவைப் பிடிக்கும் நடுப்பகுதி கெட்டியாக மடிந்திருக்கும், இரண்டு முனைகளும் ஆடிக்கொண்டே இருக்கும். வால்முனையில் ஒரு சின்னத் துண்டு, எஸ்100பி புரதத்தோடு சேர்ந்தால் சுருளாகிறது, சர்டுயின் என்ற புரதத்தோடு சேர்ந்தால் நீண்ட இழையாகிறது, சைக்ளின் ஏ என்ற இன்னொரு புரதம் வந்தால் இரண்டுமாக இல்லாமல் வளைந்து படிகிறது. போதாக்குறைக்கு அங்கே அசிட்டைல் என்ற சின்ன வேதித் தொகுதி ஒன்று ஒட்டினால் கூட்டாளியே மாறிவிடும்.

சரி, இதனால் உடம்புக்கு என்ன? ஈரல் செல்லுக்கும் நரம்பு செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். வெறும் 959 உடல் செல்கள் உள்ள சி. எலிகன்ஸ் புழுவுக்கும் நமக்கும் புரத மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 தான். ஆக, மரபணுவைக் கூட்டிக்கொண்டே போய் நாம் வந்துவிடவில்லை. மரபணுவின் நகலான ஆர்என்ஏவை, புரதம் செய்வதற்கு முன் ஒவ்வொரு வகை செல்லும் தன் தேவைக்கு வெட்டி ஒட்டிக்கொள்கிறது, கெட்டியாக மடிந்த பகுதியில் கத்தி வைத்தால் புரதமே குலைந்துவிடலாம், தளர்வான பகுதியில் வைத்தால் பெரும்பாலும் கூட்டாளிகள் மட்டும் மாறுவார்கள். இந்தப் புரதங்களை ஆராயும் கீத் டங்கர் குழுவினர் 2006-ல் சொன்னது இதைத்தான், எனக்கு இந்த வாதம் பிடிக்கும்.

அடித்துப் பேசுபவர்கள் காட்டுவது 2004-ல் வந்த ஒரு கணக்கு: நீளமான தளர்வுப் பகுதி உள்ள புரதங்கள் பாக்டீரியாவில் சுமார் 4 சதவீதம், செல்லில் உட்கரு உள்ள உயிர்களான யூகேரியோட்டுகளில் 33. ஆனால் யூகேரியோட் என்றால் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் சேர்த்திதானே? அதனிடமும் இந்தப் புரதங்கள் ஏராளம், இன்னும் ஒற்றைச் செல்லாகத்தான் காலம் தள்ளுகிறது. விலங்குகளுக்கு நெருங்கிய ஒற்றைச்செல் உறவுக்காரர்களான கோயனோஃப்ளாஜெல்லேட்டுகளிடம், நம் உடம்பில் செல்களை ஒட்டிவைக்கும் கேடரின் குடும்பப் புரதங்கள்கூட இருக்கின்றன. செல்கள் ஒட்டி நின்ற பிறகு வேலையைப் பிரித்துக்கொண்ட கட்டத்தில்தான் தளர்வான புரதங்களின் பங்கு பெரிது என்பது என் கட்சி.