மன்னித்த பிறகும் விசாரணையா?

ஐயா,
உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடத்தியவர்களை மன்னித்துவிட்டோம் என்று 2020இல் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை சொன்னார். அப்புறம் ஏன் விசாரணை, சூத்திரதாரி என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்? மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் திருச்சபை அரசியல் பேசினால் நாட்டில் சமாதானம் எப்படி வரும்?
— ஒரு வாசகர், நீர்கொழும்பு

அன்புள்ள நண்பருக்கு,

தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. நான் பேசியது தப்பென்றால் எது தப்பென்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். யோவான் 18ஆம் அதிகாரம். சிலுவையில் மன்னித்தவரும் அவரேதான்.

கர்தினால் மன்னித்தது குண்டோடு வந்தவர்களை. கேள்வி கேட்பது அரசாங்கத்தை. தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. அப்படியிருந்தும் 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி தேவாலயங்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அன்று ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன, தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காகத் தன் கைக்காசிலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னித்தாயிற்று என்று எல்லாரும் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கொலைகாரனை மன்னிக்கலாம், அது அவள் பெருந்தன்மை. கடமை தவறிய அதிகாரியை அவள் பேரில் மன்னித்துவிட வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

சமாதானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊரில் 2019 மே மாதம் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, அவர்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று சொன்னவர் இதே கர்தினால்தான். சாராயக் கடைகளைக் கொஞ்ச நாள் மூடுங்கள் என்றும் கேட்டார். ஊர் நிலவரம் தெரிந்த மனிதரின் பேச்சு அது.

ஆனால் எனக்கு அவரிடம் வேறொரு மனக்குறை உண்டு. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011இல், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில், போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்கின்படி 4,29,059 பேர். போர் முடிந்து அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? அவர் கேட்டது இவ்வளவுதான். அதற்காக அவரைப் புலி ஆதரவாளர் என்று வசைபாடியவர்கள் பலர். அடுத்த வருடம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, அதை நாட்டின் இறைமையில் தலையிடுவது என்று எதிர்த்தார் கர்தினால். பத்து வருடம் கழித்து, 2022 மார்ச்சில், அதே ஜெனீவா மன்றத்தில் நின்று நியாயமான விசாரணைக்கு உதவுங்கள் என்று அவரே கேட்டார். கேட்டது சரி. வடக்கில் காணாமல் போனவர்களின் தாய்மார் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

இராயப்பு ஆண்டகை 2021 ஏப்ரலில் காலமானார். அவர் கேட்ட கணக்கை இன்னும் யாரும் தீர்த்துவைக்கவில்லை. ஆகவே, கர்தினாலிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: அன்று மன்னார் ஆயர் கேட்டபோது நீங்களும் ஏன் கூடச் சேர்ந்து கேட்கவில்லை?