பி.எச்.பி மொழியில் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட முடியுமா? த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளை) இல்லாமல் எப்படி?

கேட்டவர் சொல்வது: லூப்புக்குள் ஆயிரத்துச் சொச்சம் ஏபிஐ அழைப்புகள் (வேறொரு சர்வரிடம் தகவல் கேட்பது). ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ராத்திரி தானாக ஆரம்பிக்கும்படி வைத்த கிரான் வேலை முடிவதற்குள் விடிந்துவிடுகிறது.

முடியும். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது துணி வியாபாரத்துக்கான ஆன்லைன் கடை. அனுப்பிய 1,200 பார்சல்களும் எங்கே இருக்கின்றன என்று தினமும் காலையில் கூரியர் ஏபிஐயைக் கேட்டு டேட்டாபேஸில் எழுத வேண்டும். ஒரு அழைப்புக்கு 0.8 நொடி. பெருக்கினால் 16 நிமிடம். தீபாவளி சமயத்தில் பார்சல் ஐந்து மடங்கானதும் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. நான் உடனே பி.எச்.பி-யில் த்ரெட் எப்படி என்று தேடப் போனேன். அங்கேதான் வழி தவறினேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த 0.8 நொடியில் நம் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா என்று. லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் 'டைம்' என்று போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். எனக்கு வந்தது: ரியல் 16 நிமிடம், யூசர் 9 நொடி. அதாவது கடிகாரத்தில் ஓடியது 16 நிமிடம், ஸ்கிரிப்டுக்காக சிபியூ உழைத்தது 9 நொடிதான். மிச்சமெல்லாம் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

ஓட்டலில் ஒரு சர்வர் முதல் மேசைக்கு ரோஸ்ட் சொல்லிவிட்டு, அது வெந்து தட்டுக்கு வரும்வரை கல் பக்கத்திலேயே நின்றால் மற்ற மேசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். பத்து மேசைக்கும் ஒரே நடையில் சொல்லிவிட்டு, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துப் போகிறவர்தான் சர்வர். இதற்கு இன்னொரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கத் தேவையில்லை. ஆனால் மாஸ்டர்தான் திணறுகிறார் என்றால் கதை வேறு. அப்போது இன்னொரு கல்லும் இன்னொரு மாஸ்டரும் வேண்டும். உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டில் எது என்பதில் இருக்கிறது.

உங்களுடையது முதல் வகை. அதற்கு, பல அழைப்புகளைச் சேர்த்து ஓட்டும் கர்ல் மல்டி போதும், பி.எச்.பி 5 காலத்திலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கர்ல் ஹேண்டில் (அந்த அழைப்பின் விவரங்களைப் பிடித்திருப்பது) செய்து, எல்லாவற்றையும் ஒரு மல்டி ஹேண்டிலில் சேர்த்து, முடியும்வரை லூப்பில் ஓட்ட வேண்டும். அந்த லூப்புக்குள் 'கர்ல் மல்டி செலக்ட்' கட்டாயம் இருக்க வேண்டும். நான் முதல் நாள் அதை விட்டுவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது என்னவோ உண்மை. ஆனால் சிபியூ பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் ஒரு கோர் முழுக்க 100 சதவீதத்தில் எரிந்துகொண்டிருந்தது. 'வந்ததா, வந்ததா' என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செலக்ட் போட்டால், ஏதாவது ஒரு இணைப்பில் தரவு வரும்வரை ஸ்கிரிப்ட் தூங்கும்.

அடுத்தது, பத்துப் பத்தாகக் கட்டு கட்டி அனுப்பாதீர்கள். கட்டில் ஒன்று 12 நொடி இழுத்தால் மற்ற ஒன்பதும் முடிந்து கைகட்டி நிற்கும். ஒன்று முடிந்ததும் அந்த இடத்தில் அடுத்ததை உள்ளே விட வேண்டும், எந்த நேரமும் பத்து ஓடிக்கொண்டிருக்கும். கையால் எழுதச் சோம்பலாக இருந்தால் கஸில் லைப்ரரியில் உள்ள 'பூல்' இதையே செய்கிறது, எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். அந்த எண்ணில் பேராசை வேண்டாம். நான் 50 வைத்தேன். கூரியர் பக்கமிருந்து 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்ற மறுப்பு) மழையாகக் கொட்டியது. பத்துக்கு இறக்கியதும் அடங்கியது. 16 நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது.

இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. ஹேண்டிலை உருவாக்கும் கர்ல் இனிட்டை லூப்புக்கு வெளியே வைத்து, ஒரே ஹேண்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தாலே பாதி நோய் தீர்ந்திருக்கும். உள்ளே வைத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக டிசிபி இணைப்பு, புதிதாக டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான இணைப்புக்கான முன்பேச்சு). பின்னால் சோதித்தபோது, இந்த ஒரு வரியை இடம் மாற்றியதிலேயே 0.8 நொடி 0.5 ஆனது. அதைவிடக் கேவலம், அவர்களுடைய ஏபிஐ ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே அழைப்பில் 50 பார்சல் எண்களை அனுப்பலாம் என்று போட்டிருந்தது. 1,200க்கு 24 அழைப்பு. இணையாக ஓட்டவே தேவையில்லை.

இரண்டாவது வகையும் எங்களிடம் இருந்தது: புடவைப் படங்களைச் சின்னதாக்குவது. இது சுத்தமான சிபியூ வேலை, கர்ல் மல்டி இங்கே செல்லாது. தனித்தனி புராசஸ் வேண்டும். பலரும் நேரே, ஓடும் புராசஸை இரண்டாகப் பிரிக்கும் பிசிஎன்டிஎல் ஃபோர்க்குக்குப் போவார்கள். நானும் போனேன். டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்துவிட்டு அப்புறம் ஃபோர்க் செய்தேன். பெற்றோர் புராசஸுக்கும் பிரிந்த பிள்ளை புராசஸுக்கும் ஒரே இணைப்பு. முதல் பிள்ளை வேலையை முடித்துப் போகும்போது அதை மூடிவிட்டுப் போனது, பெற்றோர் 'மைஎஸ்கியூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே' என்று கத்திச் செத்தது. ஃபோர்க் செய்த பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று புது இணைப்பு திறக்க வேண்டும். இந்த ஃபோர்க் விவகாரம் கமாண்ட் லைனுக்கு மட்டும்தான், வலைப்பக்கக் கோரிக்கைகளைக் கவனிக்கும் எஃப்பிஎம்-க்குள் தொடவே தொடாதீர்கள்.

கடைசியில் நான் ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபைல் பெயர்களை வாங்கி வேலை செய்யும் சாதாரண ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். லினக்ஸின் ஃபைண்ட் கட்டளை தரும் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்குள் விட்டு, தடவைக்கு எத்தனை ஃபைல் என்பதை 'என்' ஆப்ஷனில் சொல்லி, 'பி' ஆப்ஷனுக்கு 4 கொடுத்தேன். சர்வரில் நான்கு கோர், நான்கு புராசஸ். பி.எச்.பி-க்கு இணையாக ஓட்டுவது பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. என் கணக்கில் இதுதான் அழகான வழி.

அப்போ த்ரெட்? பிதிரெட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் காலமாகிவிட்டது, பழைய பதில்களைப் பார்த்து நிறுவ முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பின் வந்தது 'பேரலல்'. அதற்கு த்ரெட் சேஃப் ஆகக் கட்டிய பி.எச்.பி வேண்டும், சாதாரண ஹோஸ்டிங்கில் கிடைப்பது அதுவல்ல. 2021 நவம்பரில் 8.1 பதிப்போடு ஃபைபர் வந்ததும் 'இனி இணையாக ஓடும்' என்று பலர் குதித்தார்கள். ஃபைபர், ஓடுகிற இடத்தில் நிறுத்தி வேறிடத்துக்குத் தாவ உதவும், அவ்வளவுதான். எந்த நொடியிலும் ஒன்றுதான் ஓடும். அதற்குள் சாதாரண பிடிஓ குவெரி (டேட்டாபேஸிடம் கேட்பது) போட்டால் மொத்தமும் அங்கேயே நிற்கும். ஃபைபரை ஆம்ப் மாதிரி ஒரு லைப்ரரிக்கு அடியில் விட்டுவிடுவது நல்லது.

பயனர் பட்டனை அழுத்தியதும் நடக்க வேண்டிய நீண்ட வேலை என்றால் வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் அனுப்புங்கள். சூப்பர்வைசர் என்ற புரோகிராமின் கீழ் ஓடும் நாலைந்து வொர்க்கர்கள் (பின்னணி புராசஸ்கள்) எடுத்துச் செய்யட்டும். வரிசைக்கு டேட்டாபேஸ் டேபிளையே வைத்தால் ஒன்றில் கவனம்: இரண்டு வொர்க்கர்கள் ஒரே வரியை எடுத்து, ஒரு அம்மாவுக்கு 'உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது' என்று எஸ்எம்எஸ் இரண்டு தடவை போனது. எத்தனை புடவை வருகிறது என்று கேட்டு போன் செய்துவிட்டார். மைஎஸ்கியூஎல் 8.0-இல் வரியைப் பூட்டும் 'ஃபார் அப்டேட்' உடன் 'ஸ்கிப் லாக்டு' சேர்த்தால், ஒருவர் பிடித்த வரியை மற்றவர் தாண்டிப் போவார்.

உங்கள் ஸ்கிரிப்டையும் டைம் போட்டு ஒருமுறை ஓட்டி, ரியல், யூசர் இரண்டையும் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். கர்ல் இனிட் லூப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.