காரணம் தேடுவதும் கேள்வி கேட்பதும்

மதிப்பிற்குரிய ஐயா,

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். என்னோடு பள்ளியில் படித்து, என் தறிக்கூடத்துக்கு அடுத்த கூடத்திலேயே தொழில் செய்துவந்த நண்பன் கடந்த ஆடி மாதம் தற்கொலையால் இறந்துவிட்டான். முந்தைய நாள் மாலை பேக்கரியில் என்னோடுதான் டீ குடித்தான். பல வாரங்களாக முகம் கொடுத்துப் பேசாதவன் அன்று சிரித்துப் பேசினான். எப்போதோ வாங்கிய கைமாற்றுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தான். கடன்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஆனால் அவனைவிட எனக்குக் கடன் அதிகம்.

இப்போது அவனுடைய அண்ணன், தம்பி வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டவர், தோட்டத்துச் சாளையை விட்டு வெளியே வருவதில்லை. ‘நானும் போய்ச் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி’ என்று சொன்னாராம். அண்ணி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் பேசினால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். மனிதர்கள் ஏன் இந்த முடிவுக்குப் போகிறார்கள்? இது கோழைத்தனமா? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? எனக்கும் ஆடியிலிருந்து சரியான தூக்கமில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மனநல மருத்துவர்களோடும், இத்தகைய இழப்பைச் சந்தித்த குடும்பங்களோடும் பேசியும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறேன். அண்ணனைப் பற்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றே செய்ய வேண்டியது.

பெரியவர்களின் பயம் புரிந்துகொள்ளக் கூடியதுதான், ஆனால் தவறானது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. யாரிடமும் சொல்ல முடியாமல் தனக்குள்ளேயே வைத்திருந்ததை ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார் என்பதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது.

காங்கயம் பக்கம் எங்கள் உறவில் ஒரு பெரியவர், கிணறு வற்றி, போர் மேல் போர் போட்டும் தண்ணீர் வராமல், எருமைகளை விற்றபின் சோறு இறங்காமல் கிடந்தார். பேங்க் பாஸ்புத்தகத்தையும் எல்.ஐ.சி. பத்திரத்தையும் எடுத்துவந்து இன்னின்னது இங்கிங்கே இருக்கிறது என்று அவர் விளக்கியபோதுதான் அவருடைய மனைவிக்கு உறைத்தது. மறுநாள் காலை வேலைகளை முடித்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, ‘ஏனுங்க, சாகோணும்னு ஏதாச்சும் நெனப்பு ஓடுதுங்களா?’ என்று கேட்டார். நெடுநேரம் கழித்து, ‘ஆமா புள்ள’ என்று பதில் வந்தது. அந்த அம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. ‘எத்தன நாளாங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் சாவி அன்றைக்கே மகன் கைக்குப் போனது. மதியத்துக்குள் ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். பெரியவர் இன்றும் ஆடு மேய்க்கிறார், எல்லோரிடமும் எரிந்துவிழுகிறார்.

அந்த அம்மாள் ‘புள்ளைகளை நெனச்சுப் பாருங்க’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாமெல்லாம் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அந்த நிலையில் இருப்பவர் பிள்ளைகளை நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்துத்தான், அவர்களுக்குத் தான் ஒரு சுமை என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். ‘நானும் போய்ச் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி’ என்று அண்ணன் சொன்னதன் உட்பொருளும் அதுவேதான். அதை வெறும் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். அவரிடம் நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, தோட்டத்தில் இருக்கும் பூச்சிமருந்து. தற்கொலை உந்துதல் பலருக்கு அலைபோல ஏறி இறங்குவது; அதன் உச்சம் பெரும்பாலும் நிமிடங்களோ மணிநேரங்களோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், மனிதர் உடனே வேறு வழி தேடிப் போவார் என்ற நம் எண்ணம் பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. போரும் பொருளாதாரச் சிக்கலும் அங்கே இல்லாமல் இல்லை, விளைச்சலும் அதனால் குறைந்துவிடவில்லை. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியிலும், விவசாயிகளின் மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டிவைக்கும் முயற்சியை, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பினர் செய்துபார்த்து நல்ல பலன் கண்டார்கள். நம் பக்கம் வீடுகள் தெருவாக இல்லாமல், தோட்டத்துக்கு ஒரு சாளையாகச் சிதறிக் கிடப்பதால் அப்படியே செய்வது கடினம். ஆனால் மிச்சமிருக்கும் மருந்தை எடுத்துச்சென்று பங்காளி வீட்டில் பூட்டிவைக்கவும், தெளிக்கும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கவும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாளைக்கே இதைச் செய்யுங்கள்.

இனி, உங்கள் நண்பர் ஏன் போனார் என்ற கேள்வி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, காபி டம்ளர் கைக்கு வருவதற்குள் காரணத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். கடன், காதல், சம்சாரத்தோடு சண்டை, ஏதோ ஒன்று. அரசுக் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், அவர்களில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். காரணம் என்ற இடத்தில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம், கடனும் நொடிப்பும் 4.1 சதவீதம் என்று போகிறது பட்டியல். ஒவ்வொரு சாவுக்கும் ஏதேனும் ஒரு காரணத்தின் கீழ்தான் கணக்கு. கடனால் மனைவியோடு சண்டை, சண்டையால் குடி, குடியால் தூக்கமின்மை என்று சுற்றிச் சுற்றி வந்த ஒருவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணமும் ஏறியது. கடன் வாங்காத தறிக்காரர் அன்றைக்கு அரிது. ஆனாலும் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள், உங்களையும் சேர்த்து. ஆகவே கடன் ஒரு சுமை, பெரிய சுமை, ஆனால் அது மட்டுமே விளக்கம் ஆகாது. அதோடு மனச்சோர்வு என்ற நோய் சேரும்போதும், குடி சேரும்போதும், யாரிடமும் சொல்ல முடியாத தனிமை சேரும்போதும் மனம் குறுகிவிடுகிறது. செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டியதைப் போல, பக்கத்தில் இருக்கும் வழிகூட அப்போது தெரிவதில்லை. வலி நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம்; அதற்கு வேறு வழியே இல்லை என்று அந்த நேரத்து மனம் அவரை நம்ப வைக்கிறது. எனவே இது கோழைத்தனமும் அல்ல, வீரமும் அல்ல. நெஞ்சுவலி வந்தவரைக் கோழை என்று நாம் சொல்வதில்லை.

அந்தத் தனிமையை உண்டாக்குவதில் நம் பக்கத்து மானத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து. சீருக்கும் நோம்பிக்கும் குறையில்லாமல் செய்து, ஒறம்பரைக்கு, அதாவது உறவினருக்கு, முன்னால் தலை நிமிர்ந்து நிற்பவர், குழுக்கடன்காரர் வாசலில் வந்து நின்றதைப் பங்காளியிடம்கூடச் சொல்லமாட்டார். நொடித்துப்போனதைச் சொன்னால் மகளுக்குச் சம்பந்தம் கூடிவராது என்ற பயம் வேறு. மனச்சோர்வும் இங்கே மனச்சோர்வு என்ற பெயரில் வெளியே வருவதில்லை. உடம்பு அசதி, வயிற்றெரிச்சல், தூக்கமில்லை என்றுதான் வரும். நான்கு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஜாதகம் பார்ப்பதையும் கருப்பராயனுக்கு வேண்டிக்கொள்வதையும் நான் குறை சொல்லவில்லை, மனதுக்கு ஒரு பிடிமானம் கிடைக்குமானால் நல்லதுதான். ஆனால் மருத்துவரையும் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அண்ணியிடம் சொல்லிவையுங்கள்.

ஒருமுறை முயன்று பிழைத்தவர் வீட்டில் இருந்தால் செய்ய வேண்டியது இன்னும் அதிகம். நம் ஊரில் அதை வயிற்றுப்போக்கு என்று சொல்லி மூடிவிடுகிறோம். பிறகு அந்த மனிதரோடு யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில், முயன்று பிழைத்தவர்கள் 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி, அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பகுதியில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். இதற்குப் பெரிய செலவோ கருவியோ தேவைப்படவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்குவோரும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டனையிலிருந்து அவரைப் பாதுகாக்கிறது. முயன்றவரைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இல்லவே இல்லை.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. ஜாமீன் கடனைப் பொறுத்தவரை, அண்ணனை மட்டும் கடன்காரருக்கு முன் நிறுத்தாமல் நீங்கள் இரண்டு பேர் கூடப்போய்த் தவணை பேசுங்கள். கடன் முழுதும் தீராவிட்டாலும், அதைச் சுமப்பது தான் ஒருவன் மட்டும் அல்ல என்று அவருக்குத் தெரிவது முக்கியம்.

கடைசியாக உங்களுக்கு. பேக்கரியில் நண்பர் சிரித்ததையும் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்ததையும் நீங்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது தெரிகிறது. நெடுநாள் வாடியிருந்தவர் திடீரென்று தெளிவதும், கணக்கு முடிப்பதும் சில சமயம் எச்சரிக்கைக் குறிகள்தான். ஆனால் அவற்றை அப்படிப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தேர்ந்த மருத்துவர்களுக்கே தவறிவிடுகிற குறிகள் அவை. அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆடியிலிருந்து தூக்கமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், அவரைவிடக் கடன் அதிகம் என்று நடுவில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அண்ணனிடம் கேட்கச் சொன்ன அதே கேள்வியை உங்களிடமும் நேராகக் கேட்கிறேன்: சாக வேண்டும் என்ற நினைப்பு உங்களுக்கும் வருகிறதா? வருகிறது என்றால் இதைப் படித்து முடித்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டு 14416க்கு அழையுங்கள். வரவில்லை என்றாலும், அண்ணனை மருத்துவரிடம் அழைத்துப் போகும் அன்றைக்கு உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.