மீட்டு வந்து மூன்று நாளாகியும் காக்கடீல் (கொண்டை வைத்த சிறு கிளி) கூண்டு மூலையிலேயே ஒடுங்கியிருக்கிறதே, என்ன செய்வது?

பொறுங்கள், மூன்று நாள் மிகக் குறைவு. இதன் மனம் கொண்டையில் தெரியும்: விறைத்து நின்றால் மிரட்சி, தலையோடு படிந்து 'உஸ்' என்று சீறினால் நெருங்காதே என்று பொருள். அப்போது கையை நீட்டவே கூடாது. கூண்டின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

மதுரை செல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் வந்து விழுந்த பறவை, நான் நகர்ந்த பிறகே தின்னும். ஆறாம் நாள் கம்பி வழியே தினைக்கதிரை நீட்டினேன். ஒரு மணியை உரித்து, உமியை என் விரல்மேல் உதிர்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரவில் சிறு விளக்கு எரியட்டும். இருட்டில் திடுக்கிட்டுச் சிறகடித்துக் காயப்பட்டுக்கொள்ளும் இனம் இது. சித்திரைத் திருவிழா வேட்டுச் சத்தத்தின்போது கூடவே இருங்கள். சாம்பிராணிப் புகை ஆகாது. அடுப்பில் அளவுமீறிச் சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் புகை உயிரையே பறித்துவிடும். நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.