மஞ்சள் தெரிந்ததும் விரல் தானாகத் திறந்துவிட்டால்?

கேள்வி: மூன்று வருடமாக லாங்போ என்ற நீண்ட, எளிய வில்லில் எய்கிறேன். ஆறு மாதமாக ஒரு தொல்லை. அம்பு முனை இலக்கின் மஞ்சள் வட்டத்துக்கு வந்த கணமே, கை தாடையைத் தொடும் முன்பே, விரல்கள் நாணை விட்டுவிடுகின்றன. 'மெதுவாக எய்' என்கிறார்கள், முடியவில்லை. பலம் போதவில்லையோ என்று 35 பவுண்டு இழுப்பு விசை உள்ள வில்லிலிருந்து 45 பவுண்டு வில்லுக்கு மாறினேன். இன்னும் மோசமாகிவிட்டது. இடது கைக்கு மாறிவிடலாமா? இரண்டு மாதத்தில் போட்டி வேறு இருக்கிறது.

பதில்: இடது கை கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் அந்த 45 பவுண்டு வில்லை உறையில் போட்டு வையுங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது டார்கெட் பேனிக், அதாவது இலக்குப் பதற்றம். இலக்கின் மஞ்சள் நடுவை 'கோல்ட்' என்று சொல்வதால் பழைய ஆட்கள் இதை 'கோல்ட் பேனிக்' என்றார்கள். கோல்ஃபில் 'யிப்ஸ்', டார்ட்ஸில் 'டார்ட்டைடிஸ்' என்று இதற்கு உறவுக்காரர்களும் உண்டு. சிலருக்கு உங்களைப் போல விரல் முந்திக்கொள்ளும். சிலருக்குக் கை மஞ்சளுக்குக் கீழேயே உறைந்து நின்றுவிடும், என்ன செய்தாலும் மேலே ஏறாது. வேர் ஒன்றுதான்.

ஆயிரக்கணக்கான அம்புகளில் மஞ்சள் கண்ணில் பட்டதும் விட்டிருக்கிறீர்கள். காட்சியையும் விரலையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. தவறவிடுவோமோ என்ற பதற்றம் அந்த முடிச்சை இறுக்குகிறது. கடைசியில் காட்சியே கட்டளையாகிவிடுகிறது; நீங்கள் முடிவெடுக்கும் முன்பே விரல் எடுத்துவிடுகிறது. இந்த நிலையில் 'மெதுவாக எய்' என்பது, தும்மல் வந்துவிட்டவரிடம் மெதுவாகத் தும்மச் சொல்வது போலத்தான். பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்றானே அர்ச்சுனன், அந்தப் பதிலைச் சொல்லியே நம்மில் பலர் வளர்க்கப்பட்டோம். டார்கெட் பேனிக் உள்ளவருக்கு அதுதான் விஷம். உங்களுக்குக் கொஞ்ச காலம் பறவையே தெரியக்கூடாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகமாக எய்வது நோயல்ல. சட்டென்று இழுத்துச் சட்டென்று விட்டு அருமையாக எய்பவர்கள் இருக்கிறார்கள். பாதி இழுப்பில் 'நிறுத்து' என்றால் நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. நிற்க முடிந்தால் அது பாணி, முடியாவிட்டால் பேனிக்.

பலக்குறைவா, பேனிக்கா என்பதையும் பிரித்துப் பாருங்கள். அம்பு தைப்பதற்கான மெத்தையில் இலக்குத் தாள் மாட்டாமல், அதற்கு இரண்டு மீட்டர் முன்னால் நின்று, அம்பைப் பூட்டி முழுதாக இழுத்து, ஐந்து நொடி பிடித்து, நாணை விடாமல் மெதுவாகப் பழைய நிலைக்கு இறக்குங்கள். அங்கேயும் கை நடுங்கினால் வில் உங்களுக்குக் கனம். அங்கே நிம்மதியாகப் பிடிக்க முடிந்து, இலக்குத் தாள் உள்ள 18 மீட்டரில் மட்டும் விரல் ஓடினால் அது பேனிக். உங்களிடம் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். 25, 30 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்குங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனி வைத்தியம். முதல் சில வாரங்களுக்கு அதே வெறும் மெத்தை, அதே இரண்டு மீட்டர். அம்பு மெத்தையின் நடுவை நோக்கி இருப்பதையும் பின்னால் ஆள் இல்லை என்பதையும் உறுதிசெய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கை ஆங்கருக்கு, அதாவது முழு இழுப்பில் அது வந்து நிற்கும் இடத்துக்கு, வந்து தாடையில் பதிவதையும், தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர்வதையும், அந்த நகர்வு நிற்காமலே நாண் கழன்று போவதையும் மட்டும் கவனியுங்கள். அம்பு எங்கே போய்த் தைத்தது என்று பார்க்க வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வெறும் மெத்தையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நேராக 18 மீட்டருக்குப் போய் நிற்பார்கள். ஐந்தாவது அம்பிலேயே பழைய கதை. மெத்தையில் பயப்படுவதற்கு எதுவும் இல்லை, அதனால் அங்கே எதையும் வென்றதாகவும் ஆகாது. நடுவில் பாலம் போட வேண்டும். அதே இரண்டு மீட்டரில் பெரிய இலக்குத் தாளை மாட்டுங்கள். பிறகு மூன்று மீட்டர், ஐந்து, எட்டு. எந்தத் தூரத்தில் விரல் ஓடுகிறதோ, அங்கிருந்து ஒரு படி பின்வாங்கிவிடுங்கள். இத்தனை நாளில் குணமாகும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இதில் நான் மிகவும் நம்புவது இறக்கும் பயிற்சியை. இழுத்து, ஆங்கருக்கு வந்து, மஞ்சளில் குறிவைத்து, மூன்று நான்கு நொடி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எய்யாமல் இறக்குவது. பத்து முறை இழுத்தால் ஆறு முறை இறக்குங்கள். மஞ்சள் தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மூளை பார்க்கப் பார்க்க முடிச்சு தளரும். கொஞ்சம் பழகியதும் நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். நீங்கள் ஆங்கருக்கு வந்த பிறகு அவர் 'விடு' என்றோ 'இறக்கு' என்றோ சொல்லட்டும். எது வரும் என்று தெரியாததால் விரல் முன்கூட்டியே முடிவெடுக்க வழியில்லை. முதல் நாள் 'இறக்கு' என்ற பிறகும் அம்பு பறந்துவிடலாம், நண்பர் சிரிக்கவும் செய்யலாம். எப்போதும் அம்பு பூட்டியே பழகுங்கள். வெறும் நாணை விட்டுவிட்டால் வில் உடைந்து போகலாம்.

விடும் தருணத்தை எப்படித் தீர்மானிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒலிம்பிக்கில் எய்யும் ரிகர்வ் வகை வில்லாளிகளுக்குக் கிளிக்கர் என்ற சிறு தகடு வில்லிலேயே இருக்கிறது. இழுப்பு முழுமையானதும் 'டிக்' என்று சத்தம் வரும், பிறகே விடுவார்கள். லாங்போ, பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாத வில்) போட்டிகளில் அது கிடையாது. சிலர் அம்பின் இறகு மூக்கோரத்தைத் தொடுவதை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கருக்கு வந்ததும் மனதுக்குள் 'இழு... இழு... இழு...' என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே முதுகால் இழுத்துக்கொண்டிருக்கச் சொல்வேன் நான். வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் இழுப்பிலேயே இருக்கும், எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம். வார்த்தை அறுந்து விரல் மட்டும் ஓடினால், அந்த அம்பு பத்தில் விழுந்தாலும் தப்புக் கணக்கில் எழுதுங்கள்.

இடது கைக்கு மாறிச் சிலர் தப்பித்திருக்கிறார்கள். ஆனால் எய்வதை ஆனா ஆவன்னாவிலிருந்து கற்க வேண்டும்; மஞ்சளைக் கண்டதும் விடும் பழக்கம் மாறாவிட்டால் அந்தக் கைக்கும் இதே நோய் வரும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பயிற்சியிலும் குணமாகும்வரை மதிப்பெண் எண்ண வேண்டாம். போயே தீர வேண்டும் என்றால் லேசான வில்லோடு போங்கள். அம்பு நாணை விட்டுப் போகாதவரை, நேரம் இருக்கும்வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிவிட்டு மறுபடி இழுக்கலாம். முதல் அம்பை வேண்டுமென்றே ஒரு முறை இறக்கிவிட்டே தொடங்குங்கள்.